மணலும் சட்டாம்பிள்ளையும்: எழும்பூரில் நடந்த ஒரு கல்விச் சோதனையின் வரலாறு

ஆசிரியர் என்ன சொன்னார் என்பதைவிட மாணவர் என்ன செய்தார் என்பதே கல்வியின் பயனை முடிவு செய்கிறது என்று இக்காலக் கல்வியியலார் வற்புறுத்துகின்றனர். கற்றல் அனுபவங்களை முன்கூட்டியே திட்டமிட வேண்டும், மாணவர் ஒருவருக்கொருவர் கற்பிக்க வாய்ப்பளிக்க வேண்டும், பாடத்தைச் சிறு படிகளாகப் பகுத்தளிக்க வேண்டும் என்றெல்லாம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் நாம் கேட்கிறோம். இவை யாவும் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமைகள் என்று நம்முள் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் இவற்றுள் சில, சென்னை எழும்பூரில் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவரின் பொறுப்பிலிருந்த அநாதைச் சிறுவர் காப்பகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்து பார்க்கப்பட்டவை. அங்கிருந்து அவை இங்கிலாந்துக்குச் சென்று, 'சென்னை முறை' என்ற பெயரோடு உலகின் பல பகுதிகளில் பரவி, இரு தலைமுறைக்குள் பெரும் ஏமாற்றத்தில் முடிந்தன. அச்சோதனை எவ்வாறு பிறந்தது, எதனால் பழுதுபட்டது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். குருத்துவப் பணிக்கு ஆயத்தமாகிறவர்களும் அவர்களை ஆயத்தம் செய்கிறவர்களும் இவ்வரலாற்றை அறிந்திருப்பது நலம் என்பது நம் எண்ணம்.

திண்ணையில் நடந்த கல்வி

முதலில் நம் நாட்டுப் பள்ளியைப் பார்ப்போம். ஊரில் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ அண்ணாவி பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கற்பித்தார். தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதுவது முதற்படி. எழுதும் எழுத்தின் ஒலியைப் பிள்ளை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதும். கை, கண், வாய், செவி ஆகிய நான்கும் ஒரே வேளையில் ஒரே எழுத்தில் ஈடுபட்டன. கை பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. அரிச்சுவடி, எண்சுவடி, நெல்லிலக்கம், குழிமாற்று, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. இன்று நாம் காணும் 'வகுப்பு' அங்கே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிச் சுவடி, தனி வேகம். ஒருவன் எண்சுவடியில் பாதி வழியில் நிற்க, அவனருகே இருப்பவன் குழிமாற்றை முடித்திருப்பான். அதனால் எவனும் 'தவறியவன்' என்று அழைக்கப்படவில்லை.

இத்தனை படிகளில் நின்ற இத்தனை பிள்ளைகளை ஓர் அண்ணாவி எவ்வாறு சமாளித்தார்? மூத்த மாணவரின் துணையால். அவர்களுள் பொறுப்பேற்றவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். இளையோர் கையைப் பிடித்து மணலில் எழுதப் பழக்குவதும், அவர்கள் ஒப்பிக்கக் கேட்பதும், அண்ணாவி இல்லாத வேளையில் ஒழுங்கு காப்பதும் அவன் கடமை. இச்சொல் பின்னர் ஏளனப் பொருளும் பெற்றது. அதிகாரம் பண்ணுகிறவனைச் 'சட்டாம்பிள்ளைத்தனம் செய்கிறான்' என்று இன்றும் சொல்கிறோம். மக்களின் நினைவு எதையும் மறைப்பதில்லை போலும்.

ஒருவருக்கொருவர் கற்பிக்கும் இவ்வழக்கம் தென்னாட்டில் பழமையானது என்பதற்கு அயலார் ஒருவர் சான்று பகர்கிறார். இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே 1623-இல் கன்னட நாட்டு இக்கேரியில் கோயில் முகப்பில் சில சிறுவர் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஒருவன் இராகத்தோடு பாடத்தைச் சொல்லிக்கொண்டே மணலில் எழுத, மற்றவர்களும் அவ்வாறே பாடி எழுதினர். பாடம் மறந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டபோது, ஆசிரியர் இல்லாமலே தங்களுக்குள் திருத்திக்கொள்வதாக அவர்கள் விடையளித்தனர். அம்முறையின் எளிமையை அவர் வியந்து எழுதியுள்ளார்.

சீர்திருத்தத் திருச்சபையின் தமிழக வரலாறும் இதே மணலில்தான் தொடங்குகிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்க், தமிழ் கற்க வழி தேடியபோது, வயது முதிர்ந்த உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் பள்ளியைத் தம் இல்லத்துக்கே மாற்றும்படி வேண்டிக்கொண்டார். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்ற அம்மனிதர் சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் அகரம் எழுதினார். அவர் கற்ற முறையே அவருக்குக் கற்பிக்கும் முறையையும் காட்டியது. அடுத்த ஆண்டிலேயே அவர் பள்ளி தொடங்கினார்; பெண் பிள்ளைகளையும் விட்டுவிடவில்லை. மிஷனெரிமாரைப் போதித்தவர்களாக மட்டும் கண்டு பழகிய நாம், மாணவராய்க் கீழே அமர்ந்த சீகன்பால்கை இன்னும் அடிக்கடி நினைவுகூரலாம்.

எழும்பூர்க் காப்பகம்

ஆண்ட்ரூ பெல் ஸ்காத்லாந்தின் புனித அந்திரேயா நகரில் 1753-இல் பிறந்தவர். இளமையில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து, தாயகம் திரும்பி, ஆங்கிலத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். 1787-இல் சென்னை வந்து சேர்ந்து, கம்பெனிப் படைப்பிரிவுகள் பலவற்றுக்குச் சாப்ளினாக ஒரே காலத்தில் நியமனம் பெற்றார். 1789-இல் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கென எழும்பூரில் காப்பகம் ஏற்பட்டபோது அதன் கண்காணிப்பை ஏற்றார். இவ்வேலைக்குரிய சம்பளத்தை அவர் பெற மறுத்துவிட்டார். இதை அவருடைய புகழுரைகள் தவறாமல் குறிப்பிடும். சாப்ளின் பதவிகளின் வருவாயைக் கொண்டு, 1796-இல் நாடு திரும்பும்போது அவர் ஏறக்குறைய 25,000 பவுன் சேர்த்திருந்தார் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்வதே முறை.

காப்பகத்திலிருந்த சிறுவர் பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரருக்கும் இந்நாட்டுத் தாய்மாருக்கும் பிறந்தவர்கள். தகப்பன் இறந்திருக்கலாம், அல்லது கைவிட்டிருக்கலாம். இரு சமூகங்களிலும் மதிப்பில்லாத பிள்ளைகள் அவர்கள். அவர்கள் மூடர், பொய்யர், திருந்தாதவர் என்பது அக்கால ஆங்கிலேயரிடையே பரவலாயிருந்த எண்ணம். பெல் அதனை ஏற்கவில்லை. பிள்ளைகள் கற்கவில்லையென்றால் குறை கற்பிக்கும் முறையில் இருக்கலாம் என்று அவர் ஐயுற்றார். இவ்வரலாறு முழுவதிலும் நாம் பெரிதும் போற்றத்தக்கது இவ்வையமே. மாணவரின் தோல்வியைத் தம் தோல்வியாக முதலில் விசாரிக்கும் ஆசிரியர் எக்காலத்திலும் அரியர்.

ஆயினும் காப்பகத்தில் சம்பளம் பெற்ற ஆசிரியர்கள் அவ்வாறு எண்ணவில்லை. ஏறக்குறைய 200 சிறுவர், ஆசிரியர் சிலரே, அவர்களும் கற்பித்தலில் பயிற்சியற்றவர்கள். அரிச்சுவடி வகுப்பில் பிள்ளைகள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தனர். ஒரு நாள் காலை பெல் குதிரையேறிச் செல்லும் வழியில், மலபார்ப் பள்ளி என்று ஆங்கிலேயர் அழைத்த ஒரு தமிழ்ப் பள்ளியைக் கண்டார். சிறுவர்கள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தனர். அவர் உவகையோடு காப்பகத்துக்கு விரைந்து, அரிச்சுவடி வகுப்பை இனி இவ்வாறே நடத்த வேண்டும் என்று ஆணையிட்டார். வகுப்பாசிரியரோ சிறிது காலம் கழித்து, இது நடவாது என்று கைவிரித்தார். நடத்த மனமில்லாதவர் தந்த விடை அது என்று பெல் கருதினார்.

எட்டு வயது ஆசிரியன்

அப்போதுதான் அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிறுவனை அழைத்தார். சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகன், வயது எட்டு. அரிச்சுவடி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவரால் ஆகாதென்று விடப்பட்ட வேலை அச்சிறுவன் கையில் ஆயிற்று. அதன்பின் ஒவ்வொரு வகுப்பாக மாணவரிடமே கற்பிக்கும் பொறுப்பு மாற்றப்பட்டது. சம்பளக்கார ஆசிரியர்களுக்கு மேற்பார்வை மட்டும் எஞ்சியது.

பெல் அமைத்த ஒழுங்கு நுட்பமானது. ஒரே தகுதியுடையோரை ஒரு வகுப்பாக்கினார். வகுப்புக்குள் வல்லவன் ஒருவனையும் மெலிந்தவன் ஒருவனையும் இணையாக அமர்த்தினார். முதல்வன் மற்றவனுக்குத் துணையாசான். பாடம் சிறியதாயிருக்க வேண்டும். அது முற்றும் கைவந்த பின்னரே அடுத்தது. நாள்தோறும் வகுப்பில் இடம் மாறும். விடை தவறினவன் கீழிறங்க, சரியாகச் சொன்னவன் மேலேறுவான். ஒரு வகுப்பில் தொடர்ந்து முதலிடம் பெற்றவன் மேல்வகுப்புக்குப் போவான். அங்கே தாக்குப்பிடிக்காவிட்டால் பழைய வகுப்புக்குத் திரும்புவான். குற்றங்களைப் பதிவதற்குக் கறுப்புப் புத்தகம் ஒன்றிருந்தது. வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடியிருக்க அது வாசிக்கப்படும். குற்றவாளியின் தோழரே நடுவராயிருந்து தீர்ப்பளிப்பர். பிரம்புக்கு வேலை மிகக் குறைந்தது என்று பெல் மகிழ்ந்தார்.

மணலில் எழுதும் வழக்கத்தைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து பெற்றதாக பெல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதையோ தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே இறுதிவரை சாதித்தார். இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். 'வெள்ளையர் நம்மிடம் திருடிச் சென்றனர்' என்று மேடையில் முழங்குவது எளிது. சட்டாம்பிள்ளையைப் பார்த்தே பெல் ஃபிரிஸ்கனை நியமித்தார் என்று காட்டும் நேரடிச் சான்று இல்லை. ஸ்திராஸ்பூர்க்கில் யோகான் ஸ்தூர்மின் பள்ளியிலும், இயேசு சபையாரின் கல்லூரிகளிலும் பதின்மருக்கு ஒரு மாணவத் தலைவன் என்ற ஏற்பாடு பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆயினும் மணலைக் கண்ட கண், அதே திண்ணையில் சிறியவன் கையைப் பிடித்து எழுதுவித்த பெரியவனைக் காணாமலா போயிற்று? பல்லாரி மாவட்டக் கலெக்டராயிருந்த கேம்பெல் 1823-இல் அரசுக்கு எழுதிய அறிக்கையில், மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் இந்நாட்டு வழக்கம் இங்கிலாந்தில் பின்பற்றப்பட்டது தகுதியானதே என்று, ஐயத்துக்கிடமின்றி எல்லோரும் அறிந்த செய்திபோல் குறிக்கிறார். பெல்லின் சமகாலத்தவரே அவ்வாறு கருதினர் என்பது வரை நாம் துணிந்து கூறலாம்.

கடல் கடந்தபோது

உடல் நலிவால் 1796-இல் இங்கிலாந்து திரும்பிய பெல், அடுத்த ஆண்டு தம் சோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார். ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பள்ளி தனக்குத்தானே கற்பித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். 1798-இல் லண்டன் ஆல்ட்கேட்டிலுள்ள புனித போத்தல்ஃப் ஆலயப் பகுதிப் பள்ளி இம்முறையை ஏற்றது. அதே ஆண்டில், குவேக்கர் சபையைச் சேர்ந்த இருபது வயது இளைஞர் ஜோசப் லங்காஸ்டர், லண்டன் பரோ வீதியில் ஏழைகளுக்கென ஒரு பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். உதவியாசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அவரும் மாணவரைக்கொண்டே கற்பிக்கலானார். 1803-இல் அவர் வெளியிட்ட நூல் பெல்லுக்குத் தாம் பட்ட கடனை ஏற்றுக்கொண்டது.

அதன்பின் நடந்தது திருச்சபையின் மாட்சிக்கு உகந்ததன்று. கல்வி முறையைப் பற்றிய பேச்சு, யார் அதைக் கண்டுபிடித்தார் என்ற பூசலாகவும், ஏழைகளின் பள்ளி எந்தச் சபையின் கையில் இருக்க வேண்டும் என்ற போராகவும் மாறிற்று. லங்காஸ்டர் எச்சபைப் பிள்ளைக்கும் பொதுவாக வேதத்தைக் கற்பித்தார். அது ஆங்கிலத் திருச்சபைக்கு ஆபத்து என்று சாராள் டிரிம்மர் அம்மையார் 1805-இல் எழுதினார். 1808-இல் லங்காஸ்டரின் ஆதரவாளர் சங்கம் அமைத்தனர். அதுவே 1814-இல் பிரித்தானிய அயல்நாட்டுப் பள்ளிச் சங்கமாயிற்று. 1811-இல் திருச்சபையார் தேசியச் சங்கத்தை நிறுவிப் பெல்லைத் துணைக்கழைத்தனர். இரு தரப்பும் போட்டியிட்டுப் பள்ளிகளைத் திறந்ததால் ஏழைப் பிள்ளைகள் பல்லாயிரவர் எழுத்தறிந்தனர் என்ற நன்மையை மறுக்க இயலாது. பகையினாலும் நன்மை விளையும் என்பதற்கு இது சான்றாகலாம். ஆனால் அதைப் பின்பற்றத்தக்க வழியென்று எவரும் சொல்லார்.

ஆனால் கப்பலேறிய முறை எழும்பூரில் இருந்த முறையாக நிலைக்கவில்லை. லண்டனில் அதன் பெருஞ்சிறப்பாகப் பேசப்பட்டது அதன் மலிவு. ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முடியும் என்று லங்காஸ்டர் பறைசாற்றினார். நூற்பாலைகள் பெருகிய காலம் அது. பள்ளியும் ஓர் ஆலையாகக் கருதப்பட்டது. நீண்ட கூடம், வரிசையான பலகைகள், சிறுவரைத் திருப்பவும் நிறுத்தவும் கட்டளைகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சட்டாம்பிள்ளை. இளஞ்சிறார் எழுத மணற்பலகையும் உண்டு. ஆனால் சட்டாம்பிள்ளைக்குத் தெரிந்தது அன்று காலையில் தனக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம் மட்டுமே. வேறுவிதமாக ஒரு கேள்வி எழுந்தால் அவனிடம் விடையில்லை. ஆகவே கேள்வி எழாமலிருப்பதே ஒழுங்காயிற்று. பிரம்பை வெறுத்த லங்காஸ்டர், தவறிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கூடையில் அமர்த்தி உத்தரத்தில் கட்டித் தூக்கினார். கவிஞர் கோல்ரிஜ் இதைக் கடுமையாகக் கண்டித்தார். நம் திண்ணைப் பள்ளியின் கோதண்டத் தண்டனையை அறிந்தவர்க்கு இதில் வியப்பிராது.

இதனினும் ஆழமான குறை ஒன்று உண்டு. அது பெல்லையே சாரும். எழும்பூரில் புறக்கணிக்கப்பட்ட பிள்ளைகளின் அறிவாற்றலை நம்பியவர், இங்கிலாந்தில் ஏழைகளின் பிள்ளைகளுக்கு எவ்வளவு கற்பிக்கலாம் என்ற கேள்வி எழுந்தபோது பின்வாங்கினார். ஏழைகள் யாவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தால் அவர்கள் தம் நிலைக்கு மேலானதை விரும்பி உழைப்பை வெறுப்பார்களென்று அஞ்சி, வேதத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்னும் கருத்தை 1805-ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளியிட்டார். கற்பிக்கும் வழி எவ்வளவு திறமையானதாயிருந்தாலும், கற்பவன் எதுவரை வளரலாம் என்ற எல்லையை வேறொருவர் முன்பே வரைந்துவிட்டால் அத்திறமையால் யாருக்குப் பயன்? திருச்சபைக் கல்விப்பணி வரலாற்றில் இக்கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது. அதற்கு நாம் அளித்த விடைகள் எப்போதும் பெருமைப்படத்தக்கவையாக இருந்ததில்லை.

1816-இல் பெல் சுவிட்சர்லாந்தில் இவெர்தோனுக்குச் சென்று, புகழ்பெற்ற பெஸ்தலோட்சியின் பள்ளியைப் பார்வையிட்டார். பிள்ளை தானே நோக்கி, தொட்டு, எண்ணி அறியும் அம்முறை அவர் மனத்தில் ஒட்டவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் பெஸ்தலோட்சியை எவரும் பேசார், தம் முறையே உலகெங்கும் நிலைக்கும் என்று அவர் உடனிருந்தவரிடம் கூறியதாகச் சொல்லப்படுகிறது. நடந்தது நேர்மாறு. 1839-இல் பிரித்தானிய அரசு கல்விக்கெனக் குழு அமைத்தபின், கே-ஷட்டில்வொர்த் மாணவத் தலைவர் முறையின் வெறுமையை வெளிப்படுத்தினார். 1846-இல் பயிற்சி மாணவாசிரியர் திட்டம் வந்தது. பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோரைத் தேர்ந்து, தலைமையாசிரியரிடம் ஐந்தாண்டு பயிலச் செய்து, உதவிப்பணமும் தந்து, பின்னர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்புவதே அத்திட்டம். ஆசிரியனை ஒரே காலையில் ஆக்கிவிட முடியாது என்பதை ஏற்க அந்நாட்டுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

லங்காஸ்டரின் முடிவு இரங்கத்தக்கது. கடனில் மூழ்கி, தம் சங்கத்தாராலேயே விலக்கப்பட்டு, அமெரிக்கா சென்று, சீமோன் பொலீவரின் ஆதரவில் கராக்காஸில் சில காலம் பள்ளி நடத்தி, 1838-இல் நியூயார்க் தெருவில் வண்டி மோதி இறந்தார். பெல் 1832-இல் செல்வராக மரித்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

திரும்பி வந்த மணல்

வரலாற்றின் விந்தை இனிமேல்தான். இங்கிலாந்தில் உருமாறிய முறை, இந்தியருக்கு நவீனக் கல்வியின் வரமாக மிஷன் சங்கங்களால் திரும்பக் கொண்டுவரப்பட்டது. 1814-இல் லண்டன் மிஷன் சங்கத்தின் ராபர்ட் மே வங்காளத்துச் சின்சுராவில் இம்முறையில் பள்ளிகள் தொடங்கினார். 1816-இல் செராம்பூர் மிஷனெரிமார் உள்நாட்டுப் பள்ளிகளுக்கான திட்டத்தை அச்சிட்டனர். அவர்களைப் பாராட்ட வேண்டிய இடமும் உண்டு. எழுத்துப் பயிற்சிக்குப் பொருளற்ற சொற்களைக் கொடாமல், பூகோளம், வானநூல் ஆகியவற்றின் சிறு குறிப்புகளை ஒருவன் வாசிக்க மற்றவர் எழுதும்படி அமைத்தனர். எழுத்தும் அறிவும் ஒரே உழைப்பில் கிட்டின. கடன் வாங்கிய முறையைக் கண்மூடிப் பின்பற்றாமல் சிந்தித்துத் திருத்தியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

அக்காலத்தில் நம் மாகாணத்துப் பள்ளிகளின் நிலை என்ன? ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கு அதைக் காட்டுகிறது. 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். வீட்டில் கற்போரையும் சேர்த்தால் பள்ளி வயதுச் சிறுவரில் மூன்றிலொரு பங்குக்கு நெருங்கும் என்று அவர் கணித்தார். கேம்பெல், மக்கள் வறியராகிவிட்டதால் பள்ளிகள் நலிகின்றன என்றும், அவ்வறுமைக்கு ஆங்கில ஆட்சியும் வாணிபமும் காரணம் என்றும் ஒளிக்காமல் எழுதினார். அவரே, பிள்ளைகள் பொருளறியாமல் செய்யுட்களை ஒப்பிக்கின்றனர், ஆசிரியர் பலருக்கும் பொருள் தெரியாது என்றும் குறைகூறினார். இவ்விரண்டையும் ஒருங்கே வாசிக்க வேண்டும். முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்குவோரும், பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு அதை இருட்டறை என்போரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். மேற்கண்ட 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேரே. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. மணல் எங்கும் உண்டு. அதில் விரல் வைக்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை. இவ்விடத்தில் மிஷன் பள்ளிகள் செய்த பணியைச் சிறிதென்று எவரும் சொல்ல இயலாது.

எது கப்பலேறவில்லை?

இப்போது நம் வினாவுக்கு வருவோம். ஒரே முறை எழும்பூரில் உயிரோடும் லண்டனில் இயந்திரமாகவும் இருந்தது ஏன்? எண்ணிக்கை ஒரு காரணம். இருநூறு பேரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஆயிரம் பேரை எண் சொல்லித்தான் அழைக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை மட்டுமே காரணமன்று. திண்ணையில் சட்டாம்பிள்ளை கற்பித்தபோது, அண்ணாவி ஒவ்வொரு பிள்ளையின் ஓலையையும் தாமே பார்த்தார். ஒவ்வொருவனும் தம் முன் வந்து ஒப்பிக்கக் கேட்டார். மூத்தவன் அண்ணாவியின் கைக்கு நீட்சியே அன்றி அவருக்கு மாற்றல்லன். எழும்பூரிலும் பெல் நாள்தோறும் வகுப்புகளுக்கிடையே நடமாடினார். ஒவ்வொருவனும் எந்நாளில் எப்பாடம் முடித்தான் என்ற குறிப்பு வைத்திருந்தார். லண்டனில் மணல் இருந்தது, சட்டாம்பிள்ளை இருந்தான், அண்ணாவி இல்லை. அவர் இல்லாமல் ஆகும் செலவுக் குறைவே அங்கு முறையின் மேன்மையாகப் பேசப்பட்டது.

இன்னொன்று. ஃபிரிஸ்கன் கற்பித்ததால் அதிகம் கற்றவன் ஃபிரிஸ்கனே என்பதை பெல் கண்டறிந்தார். தெரிந்ததைப் பிறருக்குச் சொல்ல முயலும்போதுதான் தெரியாத இடம் நமக்கே புலப்படுகிறது. இது மறுக்கவொண்ணாத உண்மை. இன்றைய கல்வி ஆய்வுகளும் இதை உறுதி செய்கின்றன. ஆனால் இதிலிருந்து இரு வழிகள் பிரிகின்றன. கற்பிக்கும் சிறுவனின் வளர்ச்சிக்காக அவனிடம் பொறுப்புக் கொடுப்பது ஒன்று. ஆசிரியர் சம்பளத்தை மிச்சப்படுத்த அவனைப் பயன்படுத்துவது மற்றொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

நம் ஞாயிறு பள்ளிகளைச் சற்று நோக்குவோம். பல சபைகளில் திடப்படுத்தல் பெற்ற கையோடு பதினைந்து வயதுப் பெண்ணோ பையனோ சிறுவர் வகுப்புக்கு ஆசிரியராக நியமிக்கப்படுவதைக் காண்கிறோம். அவர்களுக்கு வாரத்தின் நடுவில் பாட ஆயத்தக் கூட்டம் உண்டா? போதகர் அதில் அமர்கிறாரா? உண்டெனில் அது எழும்பூர். இல்லையெனில், சனிக்கிழமை மாலை கையில் திணிக்கப்பட்ட பாடப்புத்தகத்தோடு அவர்களை அனுப்புகிறோமெனில், அது லண்டன் கூடம். அறிவுத்தாகமுள்ள பிள்ளை ஒன்று காயீனின் மனைவி யார் என்று கேட்டுவிட்டால் இளம் ஆசிரியர் படும் பாட்டை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

இறையியல் கல்லூரியிலும் இதே நிலைதான். கிரேக்க வினைவிகற்பங்களை மூத்த மாணவர் புதியவருக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டை நாம் ஒரு பருவம் செய்து பார்த்தோம். புதியவர்கள் ஓரளவு தேறினர். மூத்தவர்கள் நன்றாகத் தேறினர். ஆனால் அவ்வாண்டு நாம் விரிவுரைகளைக் குறைத்துக்கொள்ளவில்லை. மாறாக, மாணவ ஆசான்களோடு வாரம் ஒரு மாலை அமர வேண்டியிருந்ததால் நம் வேலை கூடியது. மலிவை எதிர்பார்த்து இதைத் தொடங்குவோர் ஏமாறுவர். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில், கேட்டதை உண்மையுள்ளவர்களிடம் ஒப்படைத்து, அவர்கள் மற்றவருக்குப் போதிக்கும்படி செய்யச் சொல்லும் இடத்தை இப்பின்னணியில் வாசித்தால், 'ஒப்படைத்தல்' என்ற சொல்லின் எடை விளங்கும். சொல்லிவிட்டுப் போவது ஒப்படைத்தல் ஆகாது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளை முடித்து ஏணிப்படியில் ஏறியது. ஒரே அறையில் பல நிலைப் பிள்ளைகள் பாயில் அமர்ந்து ஒருவருக்கொருவர் உதவினர். தொடக்கத்தில் அதைக் கண்ட முதியோர் சிலருக்கு எங்கோ பார்த்த காட்சியாகத் தோன்றியதில் வியப்பில்லை. அம்முறையும், அட்டைகளை மட்டும் பெற்று ஆர்வமுள்ள ஆசிரியரைப் பெறாத பள்ளிகளில் சோர்ந்துபோயிற்று.

பெல் தம் செல்வத்திலிருந்து ஏறக்குறைய 1,20,000 பவுனைப் பள்ளிகளுக்கென எழுதிவைத்தார். எடின்பரோ, புனித அந்திரேயா ஆகிய பல்கலைக்கழகங்களில் 1876-இல் கல்வியியற் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டது அப்பணத்தின் துணையால்தான். அவர் பிறந்த ஊரில் 1833-இல் அவருடைய கொடையால் திறக்கப்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்று பெயர். அது 2021-இல் புதிய கட்டடத்துக்கு மாறியது, பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. எழும்பூர்ப் பக்கத்தில் அன்று காலை மணலில் எழுதிக்கொண்டிருந்த பள்ளியின் அண்ணாவி யார் என்பதை பெல் கேட்டு எழுதிவைக்கவில்லை.